பயறு முளைத்த வீடு

நவம்பர் 30, ஞாயிறு

இந்த டைரி மூன்று வருடம் பழையது. உரக்கடைக்காரர் கொடுத்தது. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு மேலே சரியான கிழமையை என் கையால் எழுதுகிறேன். சிக்கனம் என்றால் இதுதான். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்னத்த எழுதிக் கிழிப்பான் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எட்டாம் வகுப்பில் நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கண்ணீர் விட்டார். கையெழுத்தைப் பார்த்து விட்டிருப்பார் என்று என் மனைவி ஜெபமாலை சொல்வாள். அவள் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கவில்லை.

இன்று டைரி தொடங்கக் காரணம் பழி.

பூசையில் பங்குச் சாமியார் ரெமிஜியுஸ் அறிவித்தார்: இந்த வருடம் கிறிஸ்மஸ் குடில் போட்டியில் தெர்மாகோல் கூடாது, பிளாஸ்டிக் கூடாது, சீரியல் பல்பு கூடாது. கடையில் எதுவும் வாங்கக் கூடாது. வீட்டில் கிடக்கிறது, தூக்கிப் போட்டது, தோட்டத்தில் முளைத்தது, இவற்றில்தான் குடில் கட்ட வேண்டும். பெருநாள் முடிந்தபின் மிஞ்சுவது குப்பைக்குப் போகக் கூடாது. "போன வருசம் நம்ம தெர்மாகோலத் தின்னு ரெண்டு மாடு செத்துச்சு. மாட்டுத் தொழுவத்துல பொறந்தவருக்கு மாட்டக் கொன்னா விழா எடுக்கது?" என்றார்.

போன வருடம். அதைச் சொல்லியாக வேண்டும். என் குடில் பனை உயரம் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள். நடுவில் இருந்த குழந்தை இயேசுவை வேப்ப மரத்தில் நானே செதுக்கியதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். செதுக்கினேன் என்றே வைத்துக்கொள்வோம். நடுவர்கள் நிற்கும்போது, என் சகலை இஞ்ஞாசி, ஜெபமாலையின் தங்கை செசிலியைக் கட்டியவர், டிராயிங் வாத்தியார், குனிந்து சொரூபத்தை எடுத்தார். திருப்பினார். முதுகில் கடை ஸ்டிக்கர். விலையைச் சத்தமாகப் படித்தார்.

"வெலையையும் சேத்துச் செதுக்கிட்டியளே அண்ணாச்சி!"

ஊர் சிரித்தது. சாமி திரும்பி நின்று இருமினார். அன்றிலிருந்து நான் ஸ்டிக்கர். என் மாவு மில், ஸ்டிக்கர் மில். மிளகாய் அரைக்க வருகிற பெண்கள்கூட "ஸ்டிக்கர் அண்ணாச்சி, நைசா அரைங்க" என்கிறார்கள். அந்தச் சொரூபத்தை நான் சரிபார்க்கக் கடைக்குக் கொண்டுபோனபோது கடைக்காரப் பையன் தெரியாமல் ஒட்டிவிட்டான். இதை ஒருவரும் நம்பவில்லை.

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஐயாயிரம் பேர் பார்க்க இஞ்ஞாசியை மறித்தேன்.

"என்ன வாத்தியாரே, குடில் கட்டுதியளா, பயந்துட்டியளா?"

"நான் கட்டுவேன். உங்க பாடுதான் திண்டாட்டம் அண்ணாச்சி. இந்த வருசம் கட கிடையாதாமே."

மறுபடியும் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. "பந்தயம்!" என்றேன். "தோத்தவன் கிறிஸ்மஸ் மத்தியானம் ஜெயிச்சவன் வீட்டுக்கு வரணும். எல்லாருக்கும் பரிமாறணும். எச்சி எலைய அவன் கையால எடுக்கணும். சம்மதமா?"

சிரிப்பு நின்றது. செசிலி பதறினாள். "ஏன் அத்தான், நல்ல நாளும் அதுவுமா எலையெடுக்கற பேச்சு?"

அப்போது ஜெபமாலை முன்னால் வந்தாள். ஒரு வருடமாக அந்த வீட்டு ஆளோடு பேசாதவள், இஞ்ஞாசி முகத்தைப் பார்த்து, "சம்மதம்னு சொல்லுங்க வாத்தியாரே" என்றாள்.

புருஷனுக்குத் துணை நிற்பதென்றால் இப்படி நிற்க வேண்டும். என் நெஞ்சு விரிந்து சட்டைப் பொத்தான் தெறித்தது. (பொத்தான் கிடைத்தது. அவளே தைத்துக் கொடுத்தாள்.)

டிசம்பர் 2

மில்லில் கூட்டம். பெருநாள் பலகாரத்துக்கு அரிசி இடிக்க ஊரே வருகிறது. நான் மட்டும் இல்லையென்றால் இந்தப் பங்கில் அச்சுமுறுக்கு என்ற பொருளே இருக்காது.

மெஷின் ஓடும்போது இலை எடுக்கும் இஞ்ஞாசியை நினைத்துக்கொள்வேன். மூக்குக் கண்ணாடி குழம்பில் விழ வேண்டும். நன்றாக அரைபடுகிறது.

டிசம்பர் 5, வெள்ளி

குடிலுக்குப் பொருள் சேர்க்கிறேன். மில்லில் கிழிந்த சாக்கு, மலைக்கு. தவிடு, பாலைவன மணலுக்கு. அறுந்த பெல்ட், ஞானிகள் நடந்துவரும் பாதைக்கு. நட்சத்திரத்துக்குப் பனையோலை. ஒரு பைசா செலவில்லை. சிக்கனத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஆயரே ஒருமுறை சொன்னதாகக் கேள்வி.

பக்கத்து வீட்டு அலங்காரம் அக்கா உளுந்து திரிக்க வந்தார். அவர் இஞ்ஞாசி வீட்டுக்கும் போகிறவர், இங்கேயும் வருகிறவர். என்னிடம் மறைக்கத் தெரியாதவர்.

"வாத்தியார் தேங்காச் சிரட்ட சேக்காரு தம்பி. எல்லாத்துலயும் மண்ணு போட்டுப் பச்சப்பயறு வெதைக்கப் போறாராம். பெருநாளைக்குக் குடில் பூரா பசேல்னு நிக்குமாம். அப்புறம் அதையே ஆட்டுக்குப் போட்டுருவாராம்."

இந்த யோசனை எனக்குச் சின்ன வயதிலேயே வந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நானும் சிரட்டையில் பயறு போடுவேன். அவருடையதைவிட உயரமாக.

டிசம்பர் 8

பயறு என்றதும் ஞாபகம் வந்தது. என் மாமியார் உயிரோடு இருந்தவரை டிசம்பர் மாதம் பச்சைப்பயறு ஒரு மூடை வாங்குவார். முந்திரிக்கொத்துக்காக. அக்காளும் தங்கச்சியும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வார்கள். பயறை வறுத்து உடைத்து, வெல்லப்பாகில் உருட்டி, மூன்று மூன்றாய் மாவில் முக்கிப் பொரித்து, இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கும் அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கும் கொண்டுபோவார்கள். போன கிறிஸ்மஸுக்குப் பிறகு போக்குவரத்தை நான் நிறுத்திவிட்டேன். பயறு மட்டும் தடை செய்யவில்லை. அது மாமியார் பழக்கம். இப்போது நாம் வாங்கி, அவர்கள் பங்கு அலங்காரம் அக்கா கையால் போகும்.

இந்த ஆகஸ்டில் மாமியாருக்கு வருடப் பூசை. பூசைக்குப் பின் இஞ்ஞாசி வீட்டில் சாப்பாடு. கடைசிக் காலத்தில் அந்த அம்மா அங்கேதான் இருந்தார். ஜெபமாலை வெளிர்நீலச் சேலை கட்டி வாசலில் நின்றாள். "அந்த வாசல்ல கால் வச்சா இந்த வாசல்ல வைக்காத" என்றேன். அவள் உள்ளே போய்ச் சேலையை மாற்றி மடித்துப் பெட்டியில் வைத்தாள். மில்லுக்கு வந்து சாயங்காலம் வரை அரிசி திரித்தாள். அழக்கூட இல்லை. அவ்வளவு கட்டுப்பாடு. என் வளர்ப்பு.

டிசம்பர் 9, செவ்வாய்

பயறு வந்துவிட்டது. இரண்டு தகர டின்னில் பங்கு பிரித்தோம். நீல மூடி டின் அவர்களுக்கு, சிவப்பு மூடி டின் நமக்கு.

டின்னைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு ஞானம் பிறந்தது. இஞ்ஞாசி விதைக்கப் போவதும் இந்த நீல மூடிப் பயறைத்தானே?

வறுத்த பயறு முளைக்காது. ஆனால் வறுத்தால் நிறம் சிவந்துவிடும், வாசனை காட்டிக் கொடுத்துவிடும். இங்கேதான் அனுபவம். மில்லின் பெரிய வாணலியை லேசாகக் காயவைத்து, பயறைப் போட்டு, கையால் துழாவிக்கொண்டே இருந்தேன். கை பொறுக்காத சூடு வந்ததும், வாசனை கிளம்பும் முன்னே இறக்கினேன். நிறம் போகக் கூடாது, உயிர் போக வேண்டும். உலகத்தில் இதைச் செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஜெபமாலை காப்பி கொண்டுவந்தாள்.

"இன்னைக்கே முந்திரிக்கொத்துக்கு வறுக்கியளா?"

"சும்மா பதம் பாக்கேன்."

ஒரு பயறை எடுத்துக் கடித்தாள். "பதம் வரலியே."

"வரும் வரும்."

வாணலியைப் பார்த்தாள். திறந்து கிடந்த டின்னைப் பார்த்தாள். அதன் நீல மூடியைப் பார்த்தாள். காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். சந்தேகமே படாத பிறவி.

டிசம்பர் 10

காலையில் மில்லுக்குக் கிளம்பும்போது, "நீல மூடி அவுகளுக்கு. அலங்காரம் அக்காகிட்ட குடுத்துரு. மாத்திராத" என்றேன்.

"நான் ஏன் மாத்துதேன்?"

மத்தியானம் வந்து பார்த்தேன். நீல மூடி டின் போய்விட்டது. நம்முடைய டின்னில் சிவப்பு மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பழைய தகரம், வெயிலில் நெளிந்திருக்கும். அமுக்கிப் பார்த்தேன், சரிவரவில்லை. மேலே அம்மிக் குழவியை வைத்தேன்.

இஞ்ஞாசி, ஊற்று தண்ணீர். ஊற்று.

டிசம்பர் 12, வெள்ளி

பயறை ஊறவைத்துச் சிரட்டையில் விதைத்தேன். சிரட்டையை நான் அடுக்கிய அழகைப் பார்த்து அலங்காரம் அக்கா வாயடைத்துப் போனார். பிறகு வாயைத் திறந்து, வாத்தியாரும் இன்றைக்குத்தான் விதைத்தார் என்று சொன்னார்.

டிசம்பர் 14

முளைக்கவில்லை. பனி.

டிசம்பர் 15

முளைக்கவில்லை. என் பயறு உயர்ந்த ரகம். முதலில் கீழே வேர் விடும், அப்புறம்தான் மேலே வரும். சில்லறைப் பயறுதான் அவசரப்படும்.

ஜெபமாலை அந்த வெளிர்நீலச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டிருந்தாள். கிறிஸ்மஸுக்குப் புதுச்சேலை வேண்டாமா என்று பெருந்தன்மையாகக் கேட்டேன்.

"சிக்கனமாக் கொண்டாடணும்னு சாமி சொன்னாவல்லா. இது ஒரு நாளும் கட்டாமக் கெடக்கு."

மில் நடத்துகிறவன் பெண்டாட்டி இப்படித்தான் இருக்க வேண்டும்.

டிசம்பர் 17, புதன்

இன்று முந்திரிக்கொத்து. வாசனை தெருமுனை வரை போயிற்று. எந்தப் பயறு என்று கேட்டேன்.

"செவப்பு மூடி டின்னுலதான். வறுக்கவே நேரமாகல. பாதி வேல முடிஞ்சே கெடந்துச்சு."

நல்ல பயறு என்றால் அப்படித்தான். அவள் பொரிக்கிற அளவைப் பார்த்தால் ஒரு பட்டாளத்துக்கே காணும். "எதுக்கு இம்புட்டு?" என்றேன். "கொண்டுபோகத்தான்" என்றாள். எங்கே என்று கேட்பதற்குள் எண்ணெய் பொங்கிவிட்டது.

சிரட்டையில் ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் 18

இஞ்ஞாசி வீட்டுச் சுவருக்கு மேலாகப் பார்த்தேன். எட்டிப் பார்க்கவில்லை. சுவர் குட்டையாக இருந்தது, பார்வை தானாக விழுந்தது.

பச்சை. முற்றம் முழுக்கப் பச்சை. சிரட்டை சிரட்டையாய் விரல் உயரத்துக்குத் தளதளவென்று நிற்கிறது. கீழே களிமண்ணால் அவரே பிடித்த மாதா, சூசையப்பர். மாதா சொரூபத்துக்குச் செசிலியின் ஜாடை. அந்த ஆள் பயறுக்குத் திருட்டு உரம் போட்டிருக்கிறான். செத்த பயறை எழுப்ப வேறு வழி கிடையாது.

வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. "என்ன, ஒடம்புக்கா?" என்று ஜெபமாலை கேட்டாள். இரண்டாவது முறையும் சோறு போட்டாள். அவ்வளவு அன்பு.

டிசம்பர் 19

சிரட்டைகள் நாறுகின்றன. தென்னை மூட்டில் கொட்டினேன். கோழிகூடக் கிளறவில்லை.

டிசம்பர் 20, சனி

தூத்துக்குடி போனேன். லாட்ஜ் வாசலில் விரிப்பார்களே, பச்சைப் புல் விரிப்பு, அது ஒரு துண்டு. இது பிளாஸ்டிக் இல்லை. புல் மாதிரி இருக்கிறது, ஆகவே புல். சிரட்டை அளவுக்கு வெட்டி ஒட்டி, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். இயற்கையே தோற்றுவிடும்.

பின்னால் இருந்த ஸ்டிக்கரைக் கிழித்து, சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, துடைத்த துணியை அடுப்பில் போட்டேன். ஒரே தவறை இரண்டுமுறை செய்கிறவன் நானில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

ஆனாலும் இஞ்ஞாசியின் பச்சை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. என் குடில் ஜெயிப்பது உறுதி. அது போதாது. அவருடையது அழிய வேண்டும்.

அலங்காரம் அக்காவிடம் கன்னி ரக ஆடு ஒன்று இருக்கிறது. கறுப்பு உடம்பு, முகத்தில் வெள்ளைக் கோடு. பேர் சிங்காரி. "என் குடிலுக்கு உசுருள்ள ஆடு ஒண்ணு வேணும், ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கி, மில்லுக்குப் பின்னால் கட்டியிருக்கிறேன்.

டிசம்பர் 22

ஆட்டுக்குக் காலையிலிருந்து ஒன்றும் போடவில்லை. பழிக்குப் பசி வேண்டும்.

டிசம்பர் 23, செவ்வாய்

சாயங்காலம் நடுவர்கள் வந்தார்கள். ரெமிஜியுஸ் சாமியும் பள்ளிக்கூடத் தலைமை சிஸ்டரும். பின்னால் ஊர். முதலில் இஞ்ஞாசி வீடு, கடைசியில் என் வீடு. கடைசிதான் கௌரவம்.

கூட்டம் தெருவில் திரும்புவதற்குச் சற்று முன் நான் சிங்காரியை இஞ்ஞாசி வீட்டுக் கதவருகே கொண்டுபோய்க் கயிற்றை விட்டேன். கயிறு வழுக்கிற்று என்றும் சொல்லலாம். அது ஒரு முறை மோந்து பார்த்தது. பிறகு அம்பு மாதிரி உள்ளே பாய்ந்தது. நான் சுற்றிவந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு, எல்லோரையும் போல ஒன்றும் அறியாதவனாக நுழைந்தேன்.

ஆஹா! அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பச்சைக்கு நடுவே சிங்காரி நின்று சரக் சரக்கென்று மேய்கிறது. பெத்லகேமில் பாதி வயிற்றுக்குள் போய்விட்டது. செசிலி தலையில் கை வைத்தாள். நான் உள்ளுக்குள் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து இஞ்ஞாசியின் முகத்தைப் பார்த்தேன்.

இஞ்ஞாசி ஆட்டைப் பார்த்தார். கழுத்துக் கயிற்றைப் பார்த்தார். கயிறு மில்லில் மூடை கட்டும் கயிறு. அப்புறம் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சாமி," என்றார், "மிஞ்சுறது குப்பைக்குப் போகக் கூடாதுன்னு சொன்னியள்லா. பாருங்க. மண்ணுல வந்துச்சு, குடிலா நின்னுச்சு, இப்போ வாயில்லாச் சீவனுக்குத் தீனியாப் போகுது. செலையும் வெறும் களிமண்ணு, ஆத்துல போட்டாக் கரைஞ்சிரும். இந்தக் குடில்ல மிஞ்ச ஒண்ணுமே கெடையாது."

சாமி கை தட்டினார். சிஸ்டர் தட்டினார். ஊர் தட்டியது. சின்னப் பிள்ளைகள் "உசுருள்ள ஆடு, உசுருள்ள ஆடு" என்று குதித்தார்கள்.

"யோசன யாருக்கு? ஆடு யாரு குடுத்தா?" என்றார் சாமி.

"எங்க அண்ணாச்சிதான். ரொம்ப நன்றி அண்ணாச்சி."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கும்பிட்டேன். வேறென்ன செய்வது?

என் வீட்டுக்குக் கிளம்பினோம். சிங்காரியும் கூடவே வந்தது. அதன் கொட்டகை என் பக்கத்து வீடாயிற்றே, வழி தெரியும். என் குடில் சும்மா சொல்லக் கூடாது. சாக்கு மலை, தவிட்டு மணல், பெல்ட் பாதை, பச்சைப்பசேலென்று புல். சாமி குனிந்தார்.

"புல்லு அருமையா வந்துருக்கே சூசைமாணிக்கம். எப்போ வெதச்சிய?"

"பன்னெண்டாந்தேதி சாமி. தெனமும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லித்தான் தண்ணி ஊத்துவேன்."

"வாத்தியார் வீட்டுலயும் பன்னெண்டாந்தேதிதான். உங்களுது இன்னும் நல்லாருக்கு."

அந்த நேரத்தில் சிங்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. என் புல்லில் மூக்கை வைத்தது. ஒரு சிரட்டை, அடுத்த சிரட்டை, அதற்கடுத்தது. ஒரு தும்மல் போட்டது. நிமிர்ந்து சாமியைப் பார்த்தது. பிறகு என் பனையோலை நட்சத்திரத்தை இழுத்துத் தின்னத் தொடங்கியது.

"ஏய்! ஸ்டிக்கர் மாமா புல்ல ஆடு திங்கலியே!" என்று ஒரு குட்டிப்பிசாசு கத்தினாள்.

 இஞ்ஞாசி என் குடிலுக்குப் பக்கத்தில்தான் நின்றார். குனிந்தால் சிரட்டை கைக்கு எட்டும். திருப்பினால் போதும்.  அவர் குனியவில்லை.

"விடுங்க சாமி. அங்க தின்ன தீனியில வயிறு நெறஞ்சிருக்கும்" என்றார்.

என்னைக் காப்பாற்றுகிறாராம்! ஊர் முன்னால் எனக்குப் பிச்சை போடுகிறார்! ஸ்டிக்கரைக்கூட நான் மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன். வயிறு நிறைந்த ஆடு நட்சத்திரத்தை முடித்துவிட்டுச் சாக்கு மலையை இழுத்தது. மலை சரிந்து ஞானிகள் தவிட்டில் புதைந்தார்கள்.

ஜெபமாலை ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஆட்டின் முன்னால் வைத்தாள். "பாவம், நேத்துலேர்ந்து பட்டினி" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

டிசம்பர் 24

முதல் பரிசு யாருக்கு என்பதை எழுதி டைரியைப் பாழாக்க விரும்பவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

பூசை முடிந்து முற்றத்தில் இஞ்ஞாசி என் கையைப் பிடித்தார். "அண்ணாச்சி, எலப் பேச்சையெல்லாம் மறந்துருங்க. அது சும்மா வெளாட்டுக்கு. சாப்பிட மட்டும் வாங்க."

நானும் பெரிய மனது பண்ணி மறந்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"வாக்கு குடுத்தது குடுத்ததுதான்" என்றாள் ஜெபமாலை. "பரிமாறுவாவ. எலையும் எடுப்பாவ. அவுக வாயால சொன்ன பந்தயம் வாத்தியாரே, அவுக மானத்தக் கெடுத்துராதிய."

அவள் அந்த வெளிர்நீலச் சேலையைக் கட்டியிருந்தாள். கையில் பெரிய தூக்குவாளி. உள்ளே முந்திரிக்கொத்து.

அந்த வீட்டு வாசலில் அவள் எனக்கு முன்னால் கால் வைத்தாள். உள்ளே மாமியார் படம், மல்லிகை மாலை. செசிலி அக்காளைக் கண்டதும் ஓடி வந்தாள். இரண்டு பேரும் படத்துக்கு முன்னால் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று நான் கவனிக்கவில்லை. மேலே மின்விசிறி ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடவில்லை.

பரிமாறினேன். பரிமாறுவதில் எனக்கு இணை கிடையாது. ஒரு கல்யாணத்தில் நான் பரிமாறியதைப் பார்த்துச் சமையல்காரரே தொழிலை விட்டுவிட்டார். "அண்ணாச்சி, கொழம்பு", "பெரியப்பா, அப்பளம்", "அத்தான், அக்காக்கு இன்னும் கொஞ்சம் சோறு". போட்டேன். ஜெபமாலை படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். மெதுவாகச் சாப்பிட்டாள். இத்தனை வருடத்தில் நான் பரிமாறி அவள் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் உறைத்தது. மோர் கேட்டாள். ஊற்றினேன். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எல்லோரும் இலையை மடித்தார்கள். செசிலி தவிர மற்றவர்கள் எழுந்தார்கள். நல்ல நாளில் எப்படி மடிக்க வேண்டுமோ அப்படித் தங்கள் பக்கமாக மடித்திருந்தார்கள். இஞ்ஞாசியின் இலையை எடுக்கும்போது பல்லைக் கடித்தேன். அவர் பக்கத்திலேயே நின்று, "வேண்டாம் அண்ணாச்சி, வேண்டாம் அண்ணாச்சி" என்று என் பின்னால் வந்தது இன்னும் எரிந்தது.

கடைசியில் ஜெபமாலையின் இலை. அது எதிர்ப்பக்கமாக மடிந்திருந்தது.

எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டில். செத்தவர்களுக்காகச் சாப்பிடும் சாப்பாட்டில். கிறிஸ்மஸ் விருந்தில் யாராவது அப்படி மடிப்பார்களா? மறதி என்று நினைத்து, சரியாக மடிக்கலாம் என்று கையை வைத்தேன்.

"அத மாத்தாதிய" என்றாள். "அது ஆகஸ்டு மாச எல. இன்னைக்குத்தான் சாப்பிட்டேன். அப்படியே எடுங்க."

 செசிலி இன்னும் எழுந்திருக்கவில்லை. தன் இலையைப் பிரித்து, அதையும் எதிர்ப்பக்கமாக மடித்துவைத்தாள்.

இரண்டையும் எடுத்தேன். எச்சில் இலை இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. குழம்பு அதிகமாக ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது. கொல்லைப்புறம் கொண்டுபோனேன். அங்கே, விருந்து எச்சிலுக்காக அலங்காரம் அக்கா கொண்டுவந்து கட்டிய சிங்காரி நின்றது. எல்லா இலையையும் தின்றது. ஒன்றும் வீணாகவில்லை.

டிசம்பர் 26

மில் திறந்தேன். என்னை இப்போது யாரும் ஸ்டிக்கர் என்று கூப்பிடுவதில்லை. ஒரு வருடமாக நான் பட்ட பாட்டுக்குப் பலன். "ஆடு திங்காத புல்லு" என்கிறார்கள். அது நீளம். நாளடைவில் சலித்து விட்டுவிடுவார்கள்.

மத்தியானம் அலங்காரம் அக்கா நீல மூடி டின்னைத் திருப்பிக் கொண்டுவந்தார். உள்ளே செசிலி செய்த முந்திரிக்கொத்து. நான் சாப்பிடவில்லை. இரண்டுதான் சாப்பிட்டேன்.

டின்னை அலமாரியில் நம் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன். சிவப்பு மூடி இன்னமும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, குழவியைத் தலையில் சுமந்து நின்றது. நீல மூடியும் தன் டின்னில் ஒழுங்காக உட்காரவில்லை. இரண்டு மூடியையும் கழற்றி, இந்த டின்னின் மூடியை அதிலும் அந்த டின்னின் மூடியை இதிலும் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தன.

தகரம் அடிக்கிறவர்கள் இந்தக் காலத்தில் கவனமாக வேலை செய்வதில்லை. வேறொன்றும் இல்லை. பழையபடியே மாற்றி மூடி, குழவியை ஏற்றினேன்.

திரும்பினால் ஜெபமாலை அடுக்களை வாசலில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. ஏதாவது பேச வேண்டுமே என்று, "வர்ற ஆகஸ்டுல ஒங்கம்மா பூசைக்குப் போயிட்டு வா. நான் ஒண்ணும் சொல்லல" என்றேன். தாராளமாகத்தான் சொன்னேன்.

அவள் வந்து குழவியை இறக்கினாள். இரண்டு மூடியையும் கழற்றி, அதனதன் சொந்த டின்னில் வைத்து உள்ளங்கையால் ஓங்கி அமுக்கினாள்.

"நான் ஒங்ககிட்ட கேக்கலியே" என்றாள்.